கைடு ஆடினால் கழற்றிவிடுங்கள்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பல் மருத்துவ மேற்படிப்பான ஓரல் சர்ஜரி எம்.டி.எஸ்., இரண்டாவது தடவையில் பாஸ். அம்மா ராஜகணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

தியரிக்கு எழுதிப் பழகுங்கள், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது, பிராக்டிகலில் நோயாளிக்குச் செய்து காட்டும் மைனர் சர்ஜரி பற்றி, அதில் வைக்கும் கைடு பற்றி. பல்வரிசை மேல் மாட்டினால், எலும்பை எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டும் அச்சுதான் கைடு.

போன முறை என் கேஸ் ஏற்காட்டுப் பையன், 16 வயது. மேல் முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்து எலும்புக்குள் ஒரு சூப்பர்நியூமரரி பல், அதாவது கூடுதலாக முளைத்த பல். சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்தேன். ஸ்கேனரில் பல்வரிசையையும் எடுத்து, இரண்டையும் சாஃப்ட்வேரில் பொருத்தி, பல் இருக்கும் இடத்துக்கு நேராக ஜன்னல் விட்டு, கைடை ரெசினில் பிரிண்ட் செய்தேன். மாடலில் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த மாடலும் அதே ஸ்கேனிலிருந்து பிரிண்ட் ஆனதுதான், உட்காராமல் என்ன செய்யும்? அது அப்போது உறைக்கவில்லை.

பையனுக்குப் பல்லில் கம்பி போட்டிருந்தது. ஸ்கேன் எடுத்து எட்டு வாரம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை கம்பி மாற்றியிருந்தார்கள். பல் நகர்ந்துவிட்டது. வாயில் வைத்ததுமே கைடு ஆடியது. அப்போதே கழற்றியிருக்க வேண்டும். நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எலும்பை எடுக்க ஆரம்பித்தேன். எடுக்க எடுக்க எலும்புதான் வந்தது. எக்ஸாமினர் குனிந்து பார்த்து, "ஸ்கேன் எப்போ எடுத்ததும்மா?" என்றார். பதில் சொல்லும்போதே முடிவு தெரிந்துவிட்டது. கைடைக் கழற்றச் சொல்லி, அவரே இடத்தைக் காட்டி, பல்லை எடுக்க வைத்தார். எஸ்டேட்டில் வேலை செய்யும் அவன் அப்பா, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முதல் பஸ்ஸில் வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். "ரொம்ப நன்றி டாக்டரம்மா" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கைடு வைத்துச் செய்யப்போகிறவர்களுக்கு:

- கம்பி போட்ட வாயா? ஸ்கேன் அந்த வாரத்திலேயே இருக்கட்டும். கம்பி போடும் ஆர்த்தோ டிபார்ட்மென்ட்டில் சொல்லி, அதுவரை வயரைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள்.
- முதல் நாளே வாயில் வைத்துப் பாருங்கள். மாடலை நம்பாதீர்கள்.
- கைடில் பல் முனை தெரிகிற மாதிரி இரண்டு மூன்று சிறு ஜன்னல் விடுங்கள். இடைவெளி தெரிந்தால் அது உட்காரவில்லை.
- உலோக கேப், அமால்கம் இருந்தால் சிபிசிடியில் கோடு கோடாக விழும். பல்வரிசைக்கு ஸ்கேனர் ஃபைல்தான்.
- ட்ரில் சூட்டைக் குறைக்க விடும் சலைனைக் கைடு மறைக்கும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்புதான். விட்டு விட்டு ட்ரில் செய்யுங்கள்.
- கீழ் ஞானப்பல்லுக்கு நான் கைடு வைக்க மாட்டேன். வாய் திறப்பில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கீழ் ஞானப்பல்லுக்குச் சிபிசிடி என்று சொன்னால், ஏன் எடுத்தாய் என்றுதான் அடுத்த கேள்வி. வேர் நரம்புக் கால்வாயை ஒட்டியிருக்கலாம் என்று காட்டும் அறிகுறிகளைச் சொல்ல வேண்டும். ஓபிஜியில் (முழுத் தாடை எக்ஸ்ரேயில்) வேர் கறுப்பது, கால்வாயின் வெண்கோடு அறுபடுவது, கால்வாய் திசை திரும்புவது: ரூட், ஷெஹாப் 1990-இல் சொன்ன ஏழு அறிகுறிகளில் இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

இந்த முறை அண்ணத்துப் பக்கம் புதைந்த கோரைப்பல். ஸ்கேன் நான்கு நாள் பழசு. யாரும் கேட்பதற்கு முன்னால் தேதியை நானே சொன்னேன். கைடு அசையவில்லை. "இது இல்லாம இடத்தைச் சொல்லு பார்ப்போம்" என்றார்கள். கோணம் மாற்றி எடுத்த இரண்டு சின்ன எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தேன். எக்ஸ்ரே ட்யூப் நகர்ந்த பக்கமே பல்லும் நகர்ந்திருந்தது. "அண்ணத்துப் பக்கம் சார்" என்றேன்.