செஞ்சியில் குப்புறப் படுத்து எடுத்த பூக்கள்

செஞ்சிக்குப் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கோட்டை நிற்கும் ராஜகிரி மலையின் உயரம் அப்படி. போன கார்த்திகைக் கடைசியில் நான் போனது கோட்டைக்காக இல்லை. வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் விட்டால், அந்த மலைகளைச் சுற்றிப் பாறை இடுக்கிலும் ஏரிக்கரையிலும் காட்டுப் பூக்கள் கிளம்பிவிடும். அவற்றை நெருங்கிப் படமெடுத்துப் பழக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. திண்டிவனத்தில் இறங்கித் திருவண்ணாமலை பஸ் பிடித்தேன். காப்புக்காட்டுக்குள் போகவில்லை, சாலையோரமும் ஏரிக்கரையும் ஒரு நாளைக்குத் தாராளம்.

கையில் இருந்தது பழைய கேமரா, 50 மி.மீ. லென்ஸ், இரண்டுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப். ட்யூபில் கண்ணாடியே கிடையாது, வெறும் வளையம். லென்ஸை, படம் பதியும் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கிறது, அதனால் இன்னும் கிட்டே போய் ஃபோகஸ் செய்ய முடிகிறது. 25 மி.மீ. ட்யூப் போட்டால் பூவின் நிஜ அளவில் பாதிக்கு மேலேயே சென்சாரில் பதியும். பழகிப் பார்க்க, நெருங்கி எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வாங்கும்போது மின் இணைப்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இப்போதைய பெரும்பாலான லென்ஸ்களில் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற வழி இருக்காது.

கிட்டே போகப் போக, தெளிவாகத் தெரியும் ஆழம் குறுகிக்கொண்டே வரும். அந்த நெருக்கத்தில் அபர்ச்சரைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் தேறும். அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அழகான பூவைத் தேடுவதைவிடத் தட்டையான பூவைத் தேடுவது நல்லது. எனக்கு முதலில் கிடைத்தது விஷ்ணுகிராந்தி. தரையோடு தரையாகப் படரும் செடி, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத நீலப் பூ. இதழ்கள் ஒட்டி விரிந்து தட்டையாக இருப்பதால், கேமராவை அதற்கு நேராக, சாயாமல் பிடித்தால் போதும், முழுப் பூவும் அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, தெளிவு வரும் நொடியில் அழுத்த வேண்டும். இதற்குக் குப்புறப் படுத்தே ஆக வேண்டும். படுக்கும் முன் நெருஞ்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மஞ்சள் பூவைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள், ஆனால் முள் முழங்கையில் ஏறினால் பாட்டெல்லாம் வராது.

காலையிலேயே வேலையைத் தொடங்க இரண்டு காரணம். காற்று குறைவு, பூவும் விரிந்திருக்கும். விஷ்ணுகிராந்தி மதியத்துக்கு மேல் சுருண்டுகொள்ளும். காற்று கிளம்பிய பிறகு எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகிவிடாமல் பார்த்துக்கொண்டு, ஒளிக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றிவிடலாம். அதனால் புள்ளி புள்ளியாக வரும் படத்தைச் சகித்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது தும்பை. வரப்பெல்லாம் வெள்ளை வெளேர் என்று நின்றது. வெள்ளைப் பூவை வெயிலில் எடுத்தால் இதழில் ஒரு விவரமும் மிஞ்சாது. எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, கொஞ்சம் குறைத்து, என் நிழலையே பூவின் மேல் விழவிட்டேன். பக்கவாட்டில் எடுத்தபோதுதான் மேலுதட்டில் அடர்ந்திருக்கும் வெள்ளை மயிர் தெரிந்தது. சின்ன வயதில் பிடுங்கித் தேன் உறிஞ்சிய பூதான், இப்படி ஒரு கம்பளித் தொப்பி போட்டிருக்கும் என்று கவனித்ததே இல்லை.

வேலியில் ஏறியிருந்த செங்காந்தளோடுதான் அதிக நேரம் போராடினேன். இதழ்கள் மேலே வளைந்து நிற்க, மகரந்தத் தாள்கள் நாலா பக்கமும் விரிய, சூல்தண்டு மட்டும் பட்டென்று பக்கவாட்டில் மடங்கி நீள்கிறது. இவ்வளவு ஆழமான பூவில் எல்லாவற்றையும் தெளிவாக எடுக்க நினைப்பது வீண். சூல்தண்டின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மங்கவிட்டதும் படம் படமாக வந்தது. சிவப்பில் இன்னொரு சிக்கல் உண்டு: ஒளி சற்றுக் கூடினாலும் இதழின் மடிப்புகள் காணாமல் போய் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கேமராவில் வண்ண ஹிஸ்டோகிராம் (ஒவ்வொரு நிறத்தின் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இருந்தால், அதில் சிவப்பு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். நம் மாநிலப் பூதான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை விஷம். தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.

ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி தேடுற? காசு எதுனா வுட்டுட்டியா?"

"இல்ல ஆயா, பூ எடுக்கறேன்."

"பூ பறிக்க இன்னாத்துக்குப் படுத்துக்கினு கெடக்கிற?"

கேமராவைக் காட்டி விளக்கினேன். பக்கத்தில் மொட்டாக நின்ற துத்தியைப் பார்த்து, "இது எப்போ பூக்கும்?" என்றேன். "அது இப்ப எங்க வாய் தொறக்கும்? சோறு துன்னுட்டு, வெயில் சாயறப்ப வா" என்றார். நான் படித்த எந்தப் புகைப்படக் குறிப்பிலும் இது இல்லை. எந்தப் பூ எப்போது விரியும் என்று தெரியாமல் லென்ஸை மட்டும் மாற்றி என்ன பயன்?

சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் திரும்பிப் போனேன். சொன்னபடியே துத்தி மஞ்சளாக விரிந்திருந்தது. வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து எடுத்தால் ஒளி இதழை ஊடுருவி நரம்பெல்லாம் தெரிகிறது. பின்னால் நிழலில் இருந்த பாறையைப் பின்னணியாக வைத்துக்கொண்டேன். பின்னணி பூவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதற்காகச் செடியைப் பிடுங்கவோ மிதிக்கவோ வேண்டாம், நாம் நாலு அங்குலம் நகர்ந்தால் போதும்.

ஆயாவிடம் திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பூவு நல்லாத்தான் கீது. அதுல எறும்பு கீதே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. மறுபடியும் படுத்தேன்.