தோல் மருத்துவர் ஏன் மாதவிடாய் பற்றிக் கேட்கிறார்?

பரு போகவில்லை, தாடையில் முடி முளைக்கிறது, வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது, கழுத்து கறுத்துவிட்டது. தோல் மருத்துவரான என்னிடம் பெண்கள் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பார்த்து முடித்ததும், "கடைசி மூன்று தடவை மாதவிடாய் எந்தெந்தத் தேதியில் வந்தது?" என்று கேட்பேன். பலருக்கு முகம் மாறிவிடும். சிலர் கூட வந்த அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "டாக்டர், நான் முடிக்குத்தானே வந்தேன்?"

நியாயமான கேள்விதான். இவற்றுக்கெல்லாம் பின்னால் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்ற ஹார்மோன் கோளாறு) இருக்கக்கூடும். ஆனால் பிசிஓஎஸ் என்றால் சினைப்பை, குழந்தைப்பேறு, மகப்பேறு மருத்துவர் என்றுதான் எல்லோருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது; அவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இது இருப்பது தெரியாமலே இருக்கிறார்கள். தெரியாமல் இருப்பவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பருவுக்கு என்னிடம் வருகிறார்கள், முடி எடுக்க அழகு நிலையம் போகிறார்கள், எடைக்கு உடற்பயிற்சிக் கூடம் போகிறார்கள், மனச்சோர்வுக்கு இன்னொரு மருத்துவரைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கண்ணில் பட்டதை மட்டும் சரி செய்து அனுப்பிவிடுகிறோம்.

தேதி கேட்பதற்குக் காரணம் உண்டு. "ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டால் "வருகிறது" என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்தே ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வருகிறவருக்கு அதுதான் ஒழுங்கு. அவருடைய அக்காவுக்கும் அப்படியே என்றால் சந்தேகமே எழாது. தேதியைக் கேட்டால் போனை எடுத்துப் பார்ப்பார்கள், விரல் விட்டு எண்ணுவார்கள், அப்புறம் அவர்களே லேசாக யோசிக்கத் தொடங்குவார்கள். முதல் மாதவிடாய்க்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ இருந்தாலும், வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலும் அது கவனிக்க வேண்டிய விஷயம். சிறுமிகளுக்குக் கணக்கு வேறு. முதல் வருடத்தில் முன்பின்னாக வருவது இயல்பு. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் 45 நாள் வரை பொறுக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாதாமாதம் வருவது மாத்திரையின் வேலை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முகத்து முடிதான் இருப்பதிலேயே சிக்கலானது. பெண்களுக்கு ஆண்களைப் போல் முடி வளர்வதை அளக்க 1961இல் வந்த ஃபெரிமன்–கால்வே அளவுகோலை மாற்றியமைத்து இன்றும் பயன்படுத்துகிறோம். மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு என ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். எந்த இனத்தவர் என்பதைப் பொறுத்து மொத்தம் 4 முதல் 6 வந்தாலே அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். காகிதத்தில் இது சுலபம். நடைமுறையில், மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்பதாலேயே முந்தின நாள் திரெட்டிங்கும் வாக்ஸிங்கும் செய்துகொண்டு வருகிறார்கள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் முகம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மதிப்பெண் பூஜ்யம்.

அதனால் நான் அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, "எதை வைத்து எடுக்கிறீர்கள்? எத்தனை நாளுக்கு ஒரு முறை?" என்று சாதாரணமாகக் கேட்கிறேன். முடி இருக்கிறதா என்று கேட்பதில்லை. எடுப்பது எல்லோரும் செய்கிற காரியம் என்ற தோரணையில் கேட்பது முக்கியம். அப்போதுதான் வாய் திறப்பார்கள். தினமும் விடியற்காலையில், மற்றவர்கள் எழுவதற்கு முன் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஷேவ் செய்வதாக ஒருவர் சொன்னார். திருமணமாகி வருடங்கள் ஆகியும் கணவருக்குத் தெரியாதாம். கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய இடுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் உட்காரமாட்டேன் என்றவர் உண்டு. தினசரி ஷேவ் செய்கிறார் என்ற ஒரு தகவல், எந்த மதிப்பெண்ணைவிடவும் எனக்கு அதிகம் சொல்கிறது. முடியைப் பற்றிய பேச்சு தொடங்கிய பிறகுதான் தூக்கம் சரியில்லை, காரணமில்லாமல் பதற்றமாக இருக்கிறது என்பதெல்லாம் வெளியே வரும். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நிலையோடு அடிக்கடி சேர்ந்தே வருபவை. அவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. சத்தமாகக் குறட்டை விடுவது, எவ்வளவு தூங்கினாலும் பகலில் கண்ணைச் சொக்குவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. யாரும் இவற்றைத் தோல் மருத்துவரிடம் வந்து தாமாகச் சொல்வதில்லை.

கழுத்துக் கருமைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்கள். பேசுவது அம்மா. "சரியாகத் தேய்த்துக் குளிப்பதே இல்லை டாக்டர், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். தொட்டுப் பார்த்தால் வெல்வெட் போலத் தடித்திருக்கும். அக்குளிலும் இருக்கும், சில சமயம் சின்னச் சின்ன மருக்களும் கூட. அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது, அழுத்தித் தேய்த்தால் இன்னும் கறுக்கும் என்று அந்தப் பெண்ணின் முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். மருந்துச் சீட்டு எழுதுவதைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இந்தத் தடிப்பு வருவது பெரும்பாலும் இன்சுலினால். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் தோல் செல்களைப் பெருக வைக்கிறது. சினைப்பையையும் அது சும்மா விடுவதில்லை. ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. கட்டற்ற ஹார்மோன் அதிகமாகிறது. தாடையில் முடியை வளர்ப்பதும், உச்சந்தலையில் அதை மெலிய வைப்பதும், எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிப் பருவைக் கொண்டுவருவதும், கருமுட்டை முதிர்ந்து வெளிவருவதைத் தடுப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஆகவே, இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் தாடை ஓரமாகவே வரும் பரு, ஆன்டிபயாடிக்கை நிறுத்தியதும் திரும்பி வந்தால் நான் நான்காவது களிம்பைத் தேடுவதில்லை.

அதிகமாகத் தவறவிடப்படுகிறவர்கள் ஒல்லியாக இருப்பவர்கள். "உனக்கா பிசிஓஎஸ்? இவ்வளவு மெலிந்திருக்கிறாயே" என்று எங்கேயோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு வேறு விதமான அநியாயம். என்ன சொன்னாலும் "முதலில் எடையைக் குறையுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடும். ரத்தப் பரிசோதனைகூட எழுதியிருக்கமாட்டார்கள். எடை குறைந்தால் பலருக்கு நிலைமை மேம்படும் என்பது உண்மைதான். அதற்காக நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு கூட்டம் கையில் கோப்போடு வருவார்கள்: "ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்." 2003இல் ரோட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல்படி, பிசிஓஎஸ் என்று சொல்ல மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: கருமுட்டை வெளியாவதில் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் மூன்றாவது தேவையே இல்லை. ஸ்கேனில் தெரிபவையும் பலர் பயப்படுகிற நீர்க்கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். முதல் மாதவிடாய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு, இதைக் கண்டறிய ஸ்கேனை நம்பவே கூடாது. அந்த வயதில் பலருக்கும் அப்படித்தான் தெரியும். அமெரிக்க மருத்துவர்களான ஸ்டைனும் லெவென்தாலும் இந்த நிலை உள்ள ஏழு பெண்களைப் பற்றி 1935இல் எழுதிய முதல் கட்டுரையிலேயே முடி வளர்ச்சி இடம்பெற்றிருந்தது. வெளியே தெரிகிற அறிகுறிகள் அன்றிலிருந்தே இருக்கின்றன. நாம்தான் கருவிக்குள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும் பிசிஓஎஸ் கணக்கில் எழுதவும் கூடாது. இதே அறிகுறிகளை வேறு கோளாறுகளும் தரலாம் என்பதால், தைராய்டு, பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன், அட்ரினல் சுரப்பிக் கோளாறைக் காட்டும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றை ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வருவோம். பிசிஓஎஸ் மெதுவாக, வருடக்கணக்கில் வளர்வது. சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகி, குரலும் கட்டையாகிறது என்றால் அது வேறு கதை. கட்டி இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும்.

அப்புறம் சர்க்கரைப் பரிசோதனை எழுதும்போது மறுபடி ஒரு முறை "முடிக்கு எதற்கு?" வரும். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதுதான் மறைந்திருப்பதைக் காட்டும். 90 நாளைத் தாண்டியும் ரத்தப்போக்கு வராமல் இருப்பவர்களை அப்படியே விடாமல் மகப்பேறு மருத்துவரிடம் கடிதத்தோடு அனுப்புகிறேன். கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கக்கூடும். கடிதத்தில் மாதவிடாய்த் தேதிகளோடு, முடியை எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறார் என்பதையும் எழுதிவிடுவேன். அங்கே போகும்போதும் முகத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் போவார்.

லேசர் கேட்டு வந்தவருக்கு லேசரும் உண்டு, அதை மறுப்பதில்லை. ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் புது முடி வந்துகொண்டேதான் இருக்கும், மாத்திரை தொடங்கினாலும் முகத்தில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமா என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். சிலர், இத்தனை வருடமாக யாரும் இப்படி ஒரு கணக்கே சொல்லவில்லையே என்பார்கள்.