ஒரே அறையில் இரண்டு மொழி வகுப்புகள்

மொரீஷியஸ் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு கலையும். அதுவரை ஆங்கிலமும் பிரெஞ்சும் கணக்கும் ஒன்றாக உட்கார்ந்து படித்த பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, அரபு, சீனம் என்று தத்தம் மூதாதையர் மொழிக்குப் பிரிந்து போவார்கள். 2012இல், தீவில் பெரும்பாலோர் அன்றாடம் பேசும் கிரியோலும் அந்த வரிசையில் சேர்ந்தது. மொழி வகுப்பு என்றுதான் பெயர். ஆனால் எந்தப் பிள்ளை எந்த அறைக்குள் நுழைகிறது என்று பார்த்தாலே அது கோயிலுக்குப் போகும் பிள்ளையா, பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளையா என்பது தெரிந்துவிடும். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் போர்ட் லூயிஸ் நகரத்துப் பள்ளிகளில் கழித்தவன். இந்து முஸ்லிம் பகைமையைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பாடவேளை கற்றுத் தந்தவை என்பதால், அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நான் மிகுந்த காலம் வேலை பார்த்த பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் குறைவு, உருது படிக்கும் பிள்ளைகளும் குறைவு. இந்தி வகுப்புக்குத் தனி அறை உண்டு. எஞ்சிய ஒரே அறையை உருது ஆசிரியருக்கும் எனக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மர அலமாரியை நிறுத்தி, நான் ஒரு சுவரைப் பார்த்தும் அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தும் பாடம் நடத்தினோம். அலமாரி மேலே கூரைவரை எட்டவில்லை. குரலைத் தடுக்கும் தடிமனும் அதற்கு இல்லை. என் பிள்ளைகள் எழுதும் நேரத்தில் அவருடைய பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பது, அவர்கள் எழுதும்போது என் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்வது என்று நாங்களே ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். சில மாதங்களில் உருதுப் பிள்ளைகள் ‘அறம் செய விரும்பு’ என்று நான் தொடங்கினால் அடுத்த அடியைச் சொன்னார்கள். என் பிள்ளைகளில் சிலர் அலிஃப், பே, பே, தே என்று வரிசை பிசகாமல் ஒப்பித்தார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்த நல்லிணக்கம் அன்று அது. அறைப் பஞ்சத்தால் வந்தது.

நோன்பு மாதத்தில் கடைசிப் பாடவேளைக்குள் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். அப்போது அவருடைய பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்துகொள்ள, நான் இரு பக்கமும் நடந்து பார்த்துக்கொள்வேன். தைப்பூசக் காவடிக்காக நான் பத்து நாள் விரதம் இருக்கும்போது அதையே அவர் எனக்குச் செய்தார். அவர் பெரிய பேச்சுக்காரர் அல்லர். சமயத்தைப் பற்றி நாங்கள் இருவரும் விவாதித்ததாக நினைவே இல்லை. தமிழில் நபிகளின் வரலாற்றைச் சொல்லும் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இருக்கிறது என்று ஒருநாள் நான் சொன்னபோது மட்டும் அவர் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் தீவில் தமிழ் பேசிய குடும்பம் என்றால் கோயில் குடும்பம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்வதை இங்கே படித்தவர்களே பலர் அறிந்திருக்கவில்லை.

1992 டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது எங்களுக்கு ஆண்டு விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது பம்பாயில் இரண்டாம் கட்டக் கலவரம் நடந்துகொண்டிருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலுமாக அந்நகரில் 900 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்றும் பின்னாளில் அக்கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் எழுதிற்று. அந்த எண்ணிக்கைகள் எங்களுக்கு அப்போது தெரியாது. தொலைக்காட்சியில் புகையையும் ஓடும் மக்களையும் பார்த்திருந்தோம். ஆசிரியர் அறையில் யாரும் யாரையும் கடிந்து பேசவில்லை. ஆனால் வழக்கமாக எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று தேநீர் குடிக்கும் இடைவேளையில் சிலர் கோப்பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்கள். அந்த மௌனம் எனக்குச் சண்டையைவிடப் பயமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் யார் என்ன நம்புகிறார்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

அந்த மாதத்தில் ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். “மிசியே, என் பிள்ளைக்குத் தாழ்வாரத்தில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுங்கள். அந்த அறை வேண்டாம்” என்றார். மிசியே என்பது ஆசிரியரை இங்கே அழைக்கும் சொல். காரணம் கேட்டேன். உருது வகுப்பில் எங்கள் சாமிகளைக் கேலி செய்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அதை உருது ஆசிரியரிடம் நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தம்மிடமும் ஒரு தந்தை வந்துபோனதாகவும், தமிழ் வகுப்பில் நபிகளை இழிவுபடுத்தும் பாட்டுச் சொல்லித்தரப்படுவதாக அவர் குறைப்பட்டதாகவும் சொன்னார். அதே வதந்தி, பக்கம் மட்டும் மாறி, இரண்டு வீடுகளுக்கும் போயிருந்தது.

அந்த வதந்தியை முறியடிக்க எங்களுக்குப் பெரிய துணிச்சலோ சாமர்த்தியமோ தேவைப்படவில்லை. அலமாரியின் இருபுறமும் அன்றாடம் என்ன நடந்தது என்று இருவருக்கும் ஒன்றுவிடாமல் தெரியும். நான் அந்த வாரம் ஆத்திசூடியும் கூட்டெழுத்தும் நடத்தினேன் என்று அவரால் சொல்ல முடிந்தது. அவர் பழங்களின் பெயர்களையும் ஒரு மழைப் பாட்டையும் நடத்தினார் என்று என்னால் சொல்ல முடிந்தது. என் பிள்ளையின் தந்தையிடம் அவர் போய்ப் பேசினார், அவருடைய பிள்ளையின் தந்தையிடம் நான் போய்ப் பேசினேன். இரு தந்தையரையும் ஒரு பாடவேளை முழுவதும் வந்து உட்காரும்படி அழைத்தோம். ஒருவர் வந்தார். மற்றவர் வரவில்லை, தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டார். எந்தப் பக்கத்தவர் வந்தார், எந்தப் பக்கத்தவர் போனார் என்பதை நான் எழுதப் போவதில்லை, ஏனென்றால் படிப்பவர்களில் பலர் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

மக்கள் ஒருவரையொருவர் விட்டு ஒதுங்கியிருந்தால் அமைதி நிலைக்கும் என்று எங்கள் நாட்டில் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பதின்ம வயதில், 1968 ஜனவரியில், விடுதலைக்குச் சில வாரங்களே இருந்தபோது, போர்ட் லூயிஸில் முஸ்லிம்களுக்கும், பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்தவர்களான கிரியோல் மக்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. இஸ்தான்புல், டெக்சாஸ் என்ற பெயர்களில் இருந்த கும்பல்களின் மோதல் தெருத் தெருவாகப் பரவி, 25 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். பிரிட்டிஷ் படை வந்து இறங்கிய பிறகே அடங்கியது. அதன்பின் கலந்து வாழ்ந்த குடும்பங்கள் வீடு மாற்றிக்கொண்டன. அந்நகரின் பிளேன் வெர்ட் பகுதியிலிருந்து கிரியோல் குடும்பங்கள் போயின, ரோஷ் புவா பகுதியிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் அங்கே வந்தன. மார்ச் 12ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது தெருக்கள் அமைதியாகத்தான் இருந்தன. ஆனால் அடுத்த முறை ஒரு கதை கிளம்பினால் அது உண்மையா என்று கேட்பதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. அந்த ஆண்டின் அரசமைப்புச் சட்டமும் மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இவற்றில் சேராத மற்றவர்களுக்குப் ‘பொதுமக்கள்’ என நான்காகப் பகுத்து, தேர்தலில் நிற்பவர் தம் பிரிவை அறிவிக்க வேண்டும் என்றது. சிறுபான்மையினர் விடுபட்டுப் போகக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் 1972க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. பழைய கணக்கை வைத்து அறிவிப்பைக் கட்டாயமாக்குவது உரிமை மீறல் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012இல் கூறிற்று.

தமிழர்களாகிய எங்களை மிகவும் உலுக்கியது கோயம்புத்தூர். பம்பாயும், பிறகு 2002இல் குஜராத்தும், எங்களில் பலருக்குச் செய்திகளாகவே இருந்தன. கோயம்புத்தூர் அப்படி இல்லை. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த நாட்களில் காவலர்களின் துப்பாக்கிக்கும் கும்பலின் வெறிக்கும் முஸ்லிம்கள் 18 பேர் பலியானதும், 1998 பிப்ரவரி 14இல் நகரெங்கும் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்ததும் தமிழ்நாட்டில் நடந்தவை. நான் வகுப்பில் கற்பித்த மொழியிலேயே அங்கே வசைபாடினார்கள், அழுதார்கள். தமிழ் ஒன்றே போதும், அது நம்மை இணைத்துவிடும் என்று நான் மேடைகளில் கேட்டுவந்த பேச்சை அதற்குப் பிறகு என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். கருத்தரங்கு முடிந்த ஒரு மாலையில் உக்கடம் பக்கம் நடந்து ஒரு சிறிய துணிக்கடையில் நுழைந்தேன். கடைக்காரர் வயதானவர், முஸ்லிம். மொரீஷியஸ் என்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கலவரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஊர் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன். “இப்ப அமைதியாத்தான் இருக்குதுங்க. ஆனா அப்ப வீடு காலி பண்ணிட்டுப் போனவங்க திரும்பி வரலீங்க. எங்க தெருவுல நாங்க மட்டும், அவங்க தெருவுல அவங்க மட்டும். பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே வளர்ந்துட்டாங்க” என்றார். பிளேன் வெர்ட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தத் தீவில் இருக்கும் தெருக்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் பள்ளியிலும் அப்படி ஒன்று நடந்திருந்தது. புதிய கட்டடம் வந்தது. உருதுக்கு ஓர் அறை, தமிழுக்கு ஓர் அறை. நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம், ஏனென்றால் இரைச்சலில் பாடம் நடத்துவது உண்மையிலேயே கடினம். 1999 பிப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்ததைத் தொடர்ந்து நாடு முழுவதும் கலவரம் நடந்தது. அது ஆறுவதற்குள், மே 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஸ்கவுட்ஸ் அணிக்கும் ஃபயர் பிரிகேட் அணிக்கும் நடந்த கால்பந்துப் போட்டிக்குப் பின் போர்ட் லூயிஸில் லாமிகால் சூதாட்ட விடுதிக்குத் தீ வைக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்து அணிகள் இந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ், தமிழ் கேடட்ஸ் என்று சமூகத்தின் பெயராலேயே வளர்ந்தவை. பெயரைச் சுருக்கிய பிறகும் ரசிகர்கள் மாறவில்லை. அது இந்து முஸ்லிம் மோதலால் வந்த தீ அன்று. இருந்தும் மறுநாள் வந்த சில பிள்ளைகளில், ஒரு கோயிலையும் கொளுத்திவிட்டார்கள் என்று என் அறையில் ஒருவன் சொன்னான். மற்றவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். நான் அடுத்த அறைக்குப் போய் உருது ஆசிரியரை அழைத்துவந்தேன். அவர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர், காலையில் அந்தக் கோயிலைக் கடந்து வந்தவர். கோயில் திறந்திருந்தது என்றார். பிள்ளைகள் அவரை வெறித்துப் பார்த்தார்கள். ஆறாண்டுகளுக்கு முன்பிருந்த பிள்ளைகளுக்கு அவர் அலமாரிக்கு அப்பாலிருக்கும் மிசியே. இவர்களுக்கோ அவர் அறிமுகமில்லாத ஒருவர். அவர் சொன்னதை அவர்கள் நம்பினார்களா என்று எனக்கு உறுதியில்லை.

சமயத் தலைவர்கள் மேடையில் கைகோத்து நிற்பதையும், ஈத் அன்று பிரியாணியும் பண்டிகைகளில் வாழையிலையில் ஏழு கறியும் பரிமாறிக்கொள்வதையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவை ஆண்டுக்கு ஓரிரு நாள் நடப்பவை. வதந்தி வேலை நாட்களில் வருகிறது. அன்று யாரைக் கேட்பது என்பதுதான் கேள்வி. கேட்கப்படுபவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, நாம் அன்றாடம் பார்த்துப் பழகியவராகவும், நமக்குத் தேவைப்படுபவராகவும், நாம் அவருக்குத் தேவைப்படுபவராகவும் இருக்க வேண்டும்.

இப்போது கதைகள் கைபேசியில் வருகின்றன. எங்கோ எடுத்த படம், எந்த ஆண்டு என்று தெரியாத காணொளி, கீழே நம்மூர்ப் பெயர். உருது ஆசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார். அப்படி ஒன்று வந்தால் நான் அவரைக் கூப்பிடுவேன், அவர் என்னைக் கூப்பிடுவார். எங்கள் இடத்தில் இப்போது பணியாற்றும் இளைய ஆசிரியர் இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் வைத்திருக்கவில்லை என்பதை ஒரு விழாவில் அறிந்தேன். வாரத்தில் ஒரு பாடவேளையாவது எல்லா மொழி வகுப்புகளும் ஒரே கூடத்தில் நடக்கட்டும். பொதுப் பாடம் எதுவும் வேண்டாம், அவரவர் தம் பாடத்தையே நடத்தட்டும் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கால அட்டவணையில் இடமில்லை என்று முதலில் பதில் வந்தது. இளைய ஆசிரியர் இருவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசினோம். அடுத்த பருவத்தில், நான்காம் வகுப்புக்கு மட்டும், வெள்ளிக்கிழமை காலையில் முயன்று பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.