ரெசாங் லாவின் சாட்சிகள்

லடாக்கின் சுஷூலில், குமாவோன் ரெஜிமென்ட்டின் 13-ஆவது பட்டாலியன் தன் தோழர்களுக்காக எழுப்பிய நினைவுக்கல், சீனாவுடனான போரில் 1962 நவம்பர் 18 அன்று கடைசி ஆள், கடைசித் தோட்டா வரை போரிட்டு மாண்ட 114 பேரைப் போற்றுகிறது. பல நினைவிடங்களில் படித்துப் பழகிய சொற்கள்தாம். ஆனால் சுஷூலை அடுத்த ரெசாங் லா கணவாயில் அவை ஏறக்குறைய அப்படியே நடந்தவை.

பதினாறாயிரம் அடிக்கும் மேலான அந்தக் கணவாயைக் காத்தது, மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் ஏறத்தாழ 120 பேர் கொண்ட, அந்தப் பட்டாலியனின் சார்லி கம்பெனி. அவர்களில் பெரும்பாலோர் ஹரியானாவின் அகீர் சமூகத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். இடையில் ஒரு மலைமுகடு மறைத்து நின்றதால் நமது பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. அதை அறிந்தேதான் அவர்கள் அங்கே நின்றார்கள். காயமுற்ற பின்னும் ஒவ்வொரு காவலரணாகச் சென்று வீரர்களுக்கு ஊக்கமளித்த மேஜர், தம்மைத் தூக்கிச் செல்ல முயன்றவர்களைத் தம்மை விட்டுவிட்டுப் போகுமாறு பணித்தார்.

உயிர் தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது அவர்களைப் பலர் நம்பவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத பகுதி. 1963 பிப்ரவரியில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் அந்த முகட்டை அடைந்த பிறகே உண்மை தெரிந்தது. மூன்று மாதம் உறைபனி காத்து வைத்திருந்த உடல்கள் பதுங்குகுழிகளில் துப்பாக்கியைப் பற்றியபடியே கிடந்தன. மருத்துவ உதவியாளர் தரம்பால் சிங்கின் கையிலோ மருந்தூசி இருந்தது. காயம்பட்ட ஒருவருடைய வலியைத் தணிக்க முனைந்த நொடியில் அவர் இறந்திருக்க வேண்டும். எத்தனையோ முறை படித்தும் அந்த ஊசியைக் கடந்து என்னால் எளிதில் போக முடிவதில்லை.

வீரர்களுக்குச் சுஷூலிலேயே எரியூட்டினார்கள். மேஜரின் உடல் ஜோத்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

2021 நவம்பர் 18 அன்று, புதுப்பிக்கப்பட்ட நினைவிடத்தின் திறப்பு விழாவுக்கு, அந்தப் பட்டாலியனில் அன்று பணியாற்றிய முதிய பிரிகேடியர் ஜாதரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பாதுகாப்பு அமைச்சரே தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால், மேஜரின் உடல் கிடைத்த இடத்தில் இருந்த சிறிய நினைவிடம், அதே ஆண்டில் இந்திய, சீனப் படைகள் பின்வாங்கியபின் இரண்டுக்கும் இடைப்பட்ட காவலற்ற பகுதிக்குள் அமைந்துவிட்டதால் அகற்றப்பட்டதாக, 2023 டிசம்பரில் லடாக் மலை வளர்ச்சி மன்றத்தில் அப்பகுதியின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் தெரிவித்தார். சுஷூலில் பெரிய நினைவிடம் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் மேஜர் விழுந்த அந்தப் பாறையோரத்தில் மீண்டும் ஒரு கல் நடப்பட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.