டைலர் பிரிக்காமல் திருப்பி அனுப்பிய கடிதங்கள்

1841 ஏப்ரல் 5, விடியற்காலை. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் துணை அதிபர் ஜான் டைலரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் ஃப்ளெட்சர் வெப்ஸ்டர், வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டரின் மகன். அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் முந்தின நாள் இறந்துவிட்டார் என்பது செய்தி. ஹாரிசன் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் ஓர் அதிபர் பதவியில் இருக்கும்போதே இறந்தது அதுதான் முதல் தடவை.

அரசியலமைப்புச் சட்டத்தில் இதற்கென்று ஒரு வரி இருந்தது. அதிபர் இறந்தால், விலகினால், நீக்கப்பட்டால், வேலை செய்ய முடியாமல் போனால், பொறுப்பு துணை அதிபரிடம் போகும். ஆனால் போய்ச் சேருவது அதிபர் பதவியேவா, அந்தப் பதவிக்குரிய வேலைகள் மட்டுமா என்பது அதில் தெளிவாக இல்லை.

என் அப்பாவுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரிந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்களோடு ரிச்மண்டில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். "ஏம்மா, நம்ம ஊர்ல பொறுப்பு ஹெச்.எம். மாதிரியா? நாற்காலியில உட்காருவாரு, கையெழுத்துப் போடுவாரு, ஆனா ஹெச்.எம். கிடையாது" என்றார். அதேதான் அப்பா. டைலர் 'பொறுப்பு' என்ற சொல்லோடு இருக்க மறுத்துவிட்டார்.

வாஷிங்டன் வந்து சேர்ந்து, ஏப்ரல் 6 அன்று, பிரவுன்ஸ் இந்தியன் குயின் ஹோட்டலில் நீதிபதி வில்லியம் கிரான்ச் முன்னால் அதிபருக்கான பிரமாணம் எடுத்துக்கொண்டார். துணை அதிபராக எடுத்த பிரமாணமே போதும் என்பதுதான் அவர் எண்ணம். பின்னால் யாரும் சந்தேகம் கிளப்பக் கூடாது என்பதற்காக இன்னொன்று. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு இது பொறுக்கவில்லை; டைலரை அதிபராகச் செயல்படும் துணை அதிபர் என்றுதான் அழைக்க வேண்டும் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். எதிரிகள் 'தற்செயல் அதிபர்' என்றார்கள். 'பொறுப்பு அதிபர்' என்று விலாசமிட்டு வந்த கடிதங்களை டைலர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். ஜூன் மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவரை அதிபர் என்றே ஏற்றுக்கொண்டன.

அவர் கல்லறை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஜேம்ஸ் ஆற்றைப் பார்த்த மேட்டில் ஹாலிவுட் கல்லறைத் தோட்டம். ஐந்தாவது அதிபர் ஜேம்ஸ் மன்றோவுக்கு இரும்புக் கூண்டு போன்ற ஒரு சமாதி. பக்கத்திலேயே டைலருக்கு உயரமான ஒரு தூண், அதன் முன்னால் மார்பளவுச் சிலை. நாடாளுமன்றம் அந்த நினைவுச்சின்னத்தை எழுப்பியது 1915-இல்தான். அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் உண்டு: அடிமைகளை வைத்திருந்தவர், உள்நாட்டுப் போரில் பிரிவினைத் தரப்போடு சேர்ந்தவர், 1862-இல் இறந்தபோது அந்தத் தரப்பின் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர். எனக்கு அவர்மேல் எந்த மரியாதையும் கிடையாது. ஆனாலும் அந்த ஏப்ரலில் அவர் உறுதியாக நின்றதால்தான், அதற்குப் பிறகு ஏழு அதிபர்கள் பதவியிலேயே இறந்தபோதும் அடுத்தவர் யார் என்ற சண்டை வரவில்லை. (டைலர் 1790-இல் பிறந்தவர். அவருடைய சொந்தப் பேரன் ஒருவர் 2025 மே வரை வர்ஜீனியாவில் உயிரோடு இருந்தார்!)

நான் சொல்ல வருவது இதுதான். அமெரிக்க அதிபர் பதவியைத் தாங்கி நின்றவை இரண்டு வழக்கங்கள். எடுத்துக்கொண்டவர் ஏற்படுத்தியது ஒன்று. விட்டுக்கொடுத்தவர் ஏற்படுத்தியது இன்னொன்று: 1796-இல் மூன்றாம் தடவை வேண்டாம் என்று ஒதுங்கிய ஜார்ஜ் வாஷிங்டன். இரண்டுமே அப்போது எழுத்தில் கிடையாது. டைலரின் வழக்கம் 126 ஆண்டு தாங்கியது. வாஷிங்டனுடையது உடைந்தது. இரண்டு தடவை அதிபராக இருந்த கிராண்ட் 1880-இல் மூன்றாவது முறைக்கு முயன்றார், கட்சியே வேட்பாளராக்கவில்லை. முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1912-இல் தனிக்கட்சி கட்டி நின்று தோற்றார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940-இல் நின்று ஜெயித்தார், 1944-இல் மறுபடியும் ஜெயித்தார். நான்காவது தவணை தொடங்கி மூன்று மாதத்தில், 1945 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் இறந்தார்.

அப்புறம்தான் 22-ஆவது திருத்தம். 1947-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1951 பிப்ரவரியில் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. யாரும் இரண்டு தடவைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. இன்னொருவரின் தவணையில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தவர் ஒரே ஒரு தடவைதான் தேர்ந்தெடுக்கப்படலாம். கென்னடியின் தவணையில் 14 மாதமே இருந்ததால் லிண்டன் ஜான்சன் 1968-இல் தாராளமாக நின்றிருக்கலாம். நிக்சனின் தவணையில் சுமார் இரண்டு ஆண்டு ஐந்து மாதம் இருந்த ஃபோர்டு 1976-இல் ஜெயித்திருந்தால் அதோடு சரி.

வாரிசு விஷயத்தில் ஓட்டை அடைபட இன்னும் நாளானது. அதிபராக உயர்ந்தவரின் பழைய இடத்தை நிரப்ப வழியே கிடையாது; 1967-க்கு முன் துணை அதிபர் நாற்காலி 16 தடவை காலியாகக் கிடந்தது. 1881-இல் கார்ஃபீல்டு சுடப்பட்டு கிட்டத்தட்ட 80 நாள் படுக்கையில் கிடந்தார், நிர்வாகம் அப்படியே நின்றது. அவர் இறந்தபோது துணை அதிபருக்கு அடுத்த வாரிசுகளாக இருக்க வேண்டிய சபாநாயகரும் இல்லை, செனட்டின் தற்காலிகத் தலைவரும் இல்லை. புதிய அதிபர் ஆர்தர், வாஷிங்டன் போகும் வழியில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, செனட்டைக் கூட்டும் அறிவிப்பை எழுதி வெள்ளை மாளிகைக்குத் தபாலில் போட்டார். ஒரு நாடு ஒரு தபால் உறையை நம்பி இருந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நடுக்கமாக இருந்தது.

1963 நவம்பர் 27 அன்று எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. கென்னடி இறந்த ஐந்தாம் நாள், ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசுகிறார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், ஜான்சனுக்கு ஏதாவது ஆனால் அடுத்தடுத்து அதிபர் பொறுப்புக்கு வர வேண்டிய இருவர்: சபாநாயகர் ஜான் மெக்கார்மக், வயது 71, செனட்டின் தற்காலிகத் தலைவர் கார்ல் ஹேடன், வயது 86. ஜான்சனுக்கு முன்பே ஒரு தடவை மாரடைப்பு வந்திருந்தது. அந்தக் கவலைதான் 25-ஆவது திருத்தத்தை வேகப்படுத்தியது. 1967-இல் அது சட்டமானபோது டைலர் செய்தது ஒருவழியாக எழுத்தில் ஏறியது: அதிபர் இறந்தால் துணை அதிபர் அதிபரே ஆகிறார். காலியான இடத்துக்கு ஆளை நியமிக்கவும் வழி வந்தது. சிகிச்சைக்குப் போகும் அதிபர் அதிகாரத்தைத் தற்காலிகமாக ஒப்படைக்கலாம்; 2021 நவம்பர் 19 அன்று பைடன் மயக்க மருந்தில் இருந்த 85 நிமிடம் கமலா ஹாரிஸிடம் அதிகாரம் இருந்தது. அவருடைய தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கம் என்பதால் அப்பாவுக்கு இது மட்டும் மறக்கவே மறக்காது.

எல்லாம் அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. 22-ஆவது திருத்தம் தடுப்பது மூன்றாம் தடவை தேர்ந்தெடுக்கப்படுவதை. துணை அதிபராக நின்று, மேலே இருப்பவர் விலகி, அந்த வழியாக உள்ளே வருவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்று 12-ஆவது திருத்தம் சொல்கிறது, ஆனால் இரண்டு தடவை ஜெயித்தவர் அந்தத் தகுதியில்லாதவர் கணக்கில் வருவாரா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னதில்லை. 2025-இல் டிரம்ப் மூன்றாம் தவணை பற்றி வெளிப்படையாகப் பேசினார். அவர் 2016-இலும் 2024-இலும் ஜெயித்தவர். வரமாட்டார், வழக்கம் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் 1940-ஐத்தான் சொல்வேன். இரண்டு தடவை தேர்ந்தெடுக்கப்பட்டவர் எந்த வழியிலும் அதிபராகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 50 மாநிலங்களில் 38-இன் ஒப்புதலும் வேண்டும், கஷ்டம்தான். எங்கள் தொகுதி பிரதிநிதிக்கும் வர்ஜீனியாவின் இரண்டு செனட்டர்களுக்கும் இதைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.