துட்டி வீட்டில் படித்த கதைகள்

2024 ஜூலை 10, புதன்

துட்டி, அதாவது சாவு வீட்டில் துக்கம், கேட்க வருகிறவர்கள் எழுந்து போகும்போது எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். மனசை வேறு பக்கம் திருப்பு, டிவியில் காமெடி போட்டுப் பாரு, சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வா. அன்பால் சொல்வதுதான். ஆனால் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் கை போனது அவர் அலமாரியில் இருந்த புதுமைப்பித்தன் தொகுதிக்கு. அதிலும் 'செல்லம்மாள்' கதைக்கு.

அக்கா கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டாள்: "ஏட்டி, இருக்கிற அழுகை போதாதா ஒனக்கு?"

அவளுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. எழுதினால் பிடிபடும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கதை எனக்கு நல்லது செய்தது. அது மட்டும் நிச்சயம்.

ஜூலை 12, வெள்ளி

பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். மனைவி செல்லம்மாள் ஓயாத நோயாளி. காலையில் அவளுக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போய், இரவு வந்து மறுபடி அவளைக் கவனிக்கிறார். கதை அவள் மூச்சு அடங்கும் இடத்தில் தொடங்கிப் பின்னால் போகிறது. பிள்ளை கதறுவதில்லை. வெந்நீர் வைக்கிறார், உடலைக் கழுவுகிறார், உடுத்திவிடுகிறார். அவர் மனத்தில் பிரிவின் துன்பத்தைவிட, ஒரு பாரம் இறங்கிய நிம்மதி இருக்கிறது. புதுமைப்பித்தன் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். கடைசி நாள்களில் பேச்சும் போய்விட்டது. அவர் மூச்சு நின்ற அந்த விடிகாலையில் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'அப்பாடா, இனி அவருக்கு வலி இல்லை' என்ற எண்ணம். அதற்குக் கொஞ்சம் கீழே, 'இனி எங்களுக்கும் இல்லை' என்பதும் இருந்தது. துட்டி வீட்டில் இதை யாரிடம் சொல்ல முடியும்? மாலையும் கையுமாக வந்து நிற்கிற சித்தப்பாவிடமா?

அந்த எண்ணத்தோடு நான் தனியாக இல்லை என்பதை, நான் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால் எழுதி வைத்திருக்கிறார் ஒருவர். 1948-இல், 42 வயதில், காசநோயில் இறந்துபோனவர். படித்து முடித்த பிறகுதான் நான் அப்பாவுக்காக ஒழுங்காக அழுதேன். நிம்மதிப்பட்டேன் என்பதால் அன்பு இல்லை என்று ஆகிவிடாது என்பது பிள்ளையைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. செல்லம்மாளிடம் அவருக்கு அன்பு இல்லை என்று அந்தக் கதையைப் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

துக்கக் கதை ஒரு ஒப்பாரி மாதிரி வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்துத் துட்டி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழும்போது, வாயில் வருவது கிடக்கிறவர் பெயராக இருந்தாலும் ஒவ்வொருத்தியும் அழுவது தன் வீட்டுச் சாவுக்கும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டு ஆச்சி அப்பாவுக்காக ஆரம்பித்து, சின்ன வயசில் போன தன் மகனில் கொண்டுபோய் முடித்தாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் செல்லம்மாளுக்காக ஆரம்பித்து அப்பாவில் முடித்தேன்.

மதியம் அதே அலமாரியில் தொல்காப்பியமும் கிடைத்தது. அப்பா தமிழாசிரியர், மெய்ப்பாட்டியல் பக்கங்களில் பென்சில் கோடுகள் நிறைய.

"இளிவே இழவே அசைவே வறுமையென
விளிவில் கொள்கை அழுகை நான்கே"

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. அழுகை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று; அது நான்கு வழிகளில் பிறக்கிறது. பிறரால் இகழப்பட்டு எளியவராவது இளிவு, உற்றாரை இழப்பது இழவு, பழைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துவது அசைவு, நான்காவது வறுமை. இழவை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நான் தாண்டிப் போயிருப்பேன். 'அசைவு' என்னை நிறுத்திவிட்டது. வகுப்பில் நின்றபடியே கம்பராமாயணத்தை மனப்பாடமாகச் சொன்ன மனிதர், தண்ணீர் வேண்டும் என்பதைக் கண்ணால் கேட்ட நிலை அதுதான். நாங்கள் அப்பாவை இந்த ஜூனில் இழக்கவில்லை. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தோம். அந்த அழுகைக்குக் காரியமும் கிடையாது, துட்டி கேட்க ஆளும் கிடையாது.

'செல்லம்மாள்' கதையில் பாதிக்கு மேல் அந்த அழுகைதான். நல்ல துக்கக் கதைகள் சாவைவிட, சாவுக்கு முந்திய இந்த நீண்ட பகுதியைத்தான் பொறுமையாகப் பார்க்கின்றன. நிஜ வாழ்க்கையில் அதைப் பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை. டாக்டர், மருந்துக்கடை, படுக்கை மாற்றுவது என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம்.

ஜூலை 19, வெள்ளி

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வந்திருந்தான். "சித்தி, அழுதா மனசு லேசாகும்னு சொல்றது அவ்வளவு நேரா இல்ல" என்று சில ஆய்வுகளை எடுத்துக் காட்டினான்.

நெதர்லாந்தில் 60 பேருக்குத் துயரமான படம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளியான ஆய்வு. அழுதவர்களின் மனநிலை படம் முடிந்த உடனே முன்பைவிடக் கீழே போயிருக்கிறது. 20 நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்து, 90 நிமிஷம் கழித்துக் கேட்டபோது படம் தொடங்கும் முன் இருந்ததைவிட மேலே போயிருக்கிறது. எனக்கு இது அப்படியே பொருந்துகிறது. கதையை மூடிய உடனே நெஞ்சு அடைத்தது. எழுந்து அம்மாவுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்த நேரத்தில்தான் ஏதோ இளகியது. படித்த கையோடு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் யாருமே மோசம் என்றுதான் சொல்வார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலாளர் ராபின் டன்பரும் அவர் குழுவும் 2016-இல் வெளியிட்டது இன்னொன்று. துயரப் படம் பார்த்த பிறகு ஆள்களைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். சராசரியாக வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. கூட இருந்து பார்த்தவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது.

இவையெல்லாம் படம் பார்த்தவர்களைப் பற்றியவை. வாசிப்பு என்றால், இலக்கியக் கதைகளைக் கொஞ்ச நேரம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடுகிறது என்று 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. ஒரு கதையை ஒரு தடவை படித்ததும் மனுசன் மாறிவிடுவான் என்று நானும் நம்பவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து வின்ஃப்ரீட் மென்னிங்ஹவுஸ் குழு 2017-இல் சொன்னது எனக்கு அதிகம் பிடித்தது. இது கலை, நிஜமல்ல என்ற அறிவு நமக்கும் துயரத்துக்கும் நடுவே ஒரு தூரத்தைக் கொடுக்கிறது. அந்தத் தூரம் இருப்பதால்தான் பயமில்லாமல் அதன் பக்கத்தில் போக முடிகிறது. அப்பாவின் கட்டில் ஓரத்தில் எனக்கு அந்தத் தூரம் இருந்ததே இல்லை. செல்லம்மாளின் பாய் ஓரத்தில் கிடைத்தது.

ஜூலை 24, புதன்

அக்காவுக்கு இது ஒத்துவராது. 'செல்லம்மாள்' முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாளாம், அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அவளை நான் வற்புறுத்தப் போவதில்லை. துக்கத்தில் சிலருக்குக் கதை வேண்டாம், கை நிறைய வேலை வேண்டும். சாப்பாடு தூக்கம் இல்லாமல் உள்ளே சுருங்கிப்போகிறவர்களுக்குப் புத்தகத்தை நீட்டுவதைவிட டாக்டரிடம் கூட்டிப்போவதுதான் சரி. கதையை மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா கேட்டாள்: "ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கிட்டு என்னத்தப் படிக்க?"

கண் சரியாகத் தெரியாது அவளுக்கு. நான் வாசித்தேன். பிள்ளை கடையிலிருந்து செல்லம்மாளுக்குப் புடவைகள் எடுத்து வருகிற இடத்தில், "பாவம் அந்த மனுசன்" என்றாள். செல்லம்மாளைச் சொல்லவில்லை, பிள்ளையைச் சொன்னாள். முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அப்பா போனன்னைக்கு, கொண்டுபோயிட்டியே முருகா, நல்லதாப் போச்சுன்னுதான் நெனச்சேன். அந்த நெனப்பு வந்ததுக்கு மறுபடி அழுதேன்" என்றாள்.

"நானும்தாம்மா" என்றேன்.

காரியம் முடிந்து இத்தனை நாளில் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசியதில்லை. நேராக உட்கார்ந்து பேசியிருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி ஆறுதல் சொல்லியே மறைத்திருப்போம். நடுவில் பிரமநாயகம் பிள்ளை இருந்ததால், அவரைப் பற்றிப் பேசுகிற சாக்கில் பேச்சு வந்துவிட்டது. அதன் பிறகு அம்மா அப்பாவின் நல்ல காலத்துக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள், பதினொரு மணி வரைக்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறையில் நல்ல கூட்டம் என்று தம்பி வந்து சொன்னான். சாப்பிட்டபின் அம்மா, "இன்னைக்கு என்ன கதை?" என்றாள். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. அக்காவையும் போனில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டோம்; சாவு இல்லாத கதை என்று சொன்னதால் சம்மதித்தாள்.

அதில் யாரும் சாகவில்லைதான். வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுத்த பெரியவர் சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. அவன் அவரை வீட்டுக்கு அழைத்து உபசரித்துவிட்டு, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். தொல்காப்பியர் சொன்ன இளிவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "இன்னொரு டைரி கொண்டுபோயிருந்தா அந்த ஆளுக்கு என்ன கொறஞ்சிரும்?"

"அவர் வேணும்னு செய்யலம்மா, பிள்ளை மனசு அவருக்குத் தெரியல" என்றாள் அக்கா.

"தெரியாமப் போறதுதான் தப்பு. எங்க பெரியம்மை வீட்டுல தீபாவளிக்கு எல்லாருக்கும் வளையல் வாங்கிட்டு என்னைய மட்டும் விட்டாங்க. எனக்கு எட்டு வயசு. அவங்களும் வேணும்னு செய்யல."

எங்கள் யாருக்கும் தெரியாத கதை இது. அக்கா கொஞ்ச நேரம் கழித்து, "யாரும்மா, தென்காசிப் பெரியம்மையா?" என்று கேட்க, அங்கிருந்து பேச்சு தென்காசிக்குப் போய்விட்டது. தம்பி குறுக்கே புகுந்து அந்தப் பெரியவர் பக்கம் பேசி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு 'ராஜா வந்திருக்கிறார்' என்று முடிவாகியிருக்கிறது. 'செல்லம்மாள்' மட்டும் வேண்டாம் என்று அக்கா இன்னமும் சொல்கிறாள், இருக்கட்டும்.