தோள்பட்டைக்கு கார்டிசோன் ஊசி போட்டுக்கிட்டேன், சுகர் இருக்குறவங்க படிச்சிட்டுப் போங்க

எனக்கு 48 வயசு, தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கோம், வந்து 16 வருஷம் ஆச்சு, சொந்த ஊரு திருமங்கலம். வீட்லயே இட்லி மாவு, முறுக்கு, வடைன்னு ஆர்டர் எடுத்து செஞ்சு கொடுக்குறேன், அதனால வலது தோள்ல வலி வந்தப்போ மாவு வாளி தூக்கித் தூக்கி வந்த வலின்னுதான் நெனச்சேன். வெள்ளிக்கிழமையானா பங்களாதேஷ் மார்க்கெட் போயி (பேரக் கேட்டு பயப்படாதீங்க, இங்க சாட்ஸ்வொர்த்லயே இருக்குற காய்கறி சந்தைதான்) ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டு வர்ற ஆளு நான். ஏப்ரல்ல லேசா ஆரம்பிச்சது ஜூலை குளிருக்குள்ள தலை பின்ன முடியல, முதுகுப்பக்கம் கையக் கொண்டுபோயி ஹூக்கு போட முடியல, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா அவ்ளோதான், உசுரு போற மாதிரி ஒரு வெட்டு வெட்டும், எந்திரிச்சு உக்காந்துருவேன்.

பக்கத்துல ஒரு டாக்டர்ட்ட மூணு தடவ போனேன். மூணு தடவயும் இடுப்புல வலி ஊசி, ஒரு மாத்திரை அட்டை, கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும்னு ஒரு ஜோசியம். எக்ஸ்ரே எடுத்தாங்க, நார்மல். நார்மல்னா அப்புறம் ஏன் கை தூக்க மாட்டேங்குதுன்னு அவரும் யோசிக்கல, நானும் கேக்கல. என்னயத்தான் திட்டிக்கணும்.

அக்டோபர்ல எலும்பு டாக்டர்ட்ட போனோம். இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், மெடிக்கல் எய்ட்ல (நம்ம ஊர் மருத்துவ இன்ஷூரன்ஸ் மாதிரி) சேவிங்ஸ்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அது வருஷக் கடைசிக்கு முன்னாடியே காலியாயிரும், அதனால கைக்காசுதான். அவரு எக்ஸ்ரேய எடுத்துக்கூட பாக்கல. முழங்கைய இடுப்போட ஒட்டி வைக்கச் சொல்லிட்டு முன்கைய வெளிப்பக்கமா திருப்பிப் பாத்தாரு, நகரவே இல்ல, பூட்டுப் போட்ட கதவு மாதிரி நின்னுருச்சு. நீங்களா திருப்பினாலும் வரல, நான் திருப்பினாலும் வரல, இது ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்லிட்டு அடுத்த கேள்வியே "சுகர் இருக்கா?"ன்னுதான். சுகர் இருக்கவங்களுக்கு இது மத்தவங்கள விட நெறய வருமாம், மூட்டைச் சுத்தி இருக்குற பை வீங்கி, தடிச்சு, சுருங்கிப் போயிருமாம், அதெல்லாம் எக்ஸ்ரேல தெரியாது. 9 வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடுறேன், ஒருத்தரும் சொன்னதில்ல.

கார்டிசோன், அதாவது வீக்கத்த அடக்குற ஸ்டீராய்டு ஊசி, போடலாம்னாரு. எனக்கு பக்குன்னுச்சு. ஸ்டீராய்டுன்னாலே மூஞ்சி உப்பிரும், எலும்பு கரைஞ்சிரும்னு கேட்டு வளந்தவங்கதானே நாம. அவரு சொன்னது, நீங்க நெனக்கிறது மாசக்கணக்குல மாத்திரையா சாப்பிடுறவங்களுக்கு, இது ஒரே இடத்துல ஒரு தடவ, ஆனா உடம்புக்குள்ள கொஞ்சம் கலக்கத்தான் செய்யும், அதனால சுகர் ஏறும். எவ்ளோ ஏறும்னு கேட்டேன், ஆளுக்கு ஆள் மாறும்னாரு. சுகரோட மூணு மாச சராசரி (HbA1c டெஸ்ட்) 7.6 இருந்துச்சு, அது ரொம்ப அதிகமா இருந்திருந்தா மொதல்ல அதக் குறைச்சிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பாராம். காய்ச்சல் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறீங்களா, தோள்ல ஆபரேஷன் எதும் ப்ளான் இருக்கான்னு வரிசையா கேட்டாரு. யாராவது இதெல்லாம் கேக்காம ஊசிய எடுத்தா கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சுட்டு சொல்றேன்னு வந்துட்டேன். அடுத்த வீட்டு ஆன்ட்டி, நாலு தலைமுறையா இங்கயே இருக்குற குடும்பம், தமிழ்ல அம்மா, தண்ணி, கோவிலு, அப்படி ஒரு இருவது வார்த்தை தெரியும், மிச்சம் இங்கிலீஷ்தான், அவங்க "போட்டுக்கோ கண்ணா, நான் முட்டிக்கு எத்தன போட்டிருக்கேன்"னாங்க. அதுதான் எனக்கு இன்னும் பயத்தக் கெளப்புச்சு. அவங்க முட்டி தேய்மானத்துக்கு மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு வருஷக்கணக்கா போட்டவங்க. மொதல் ஊசி ஆறு மாசம் தாங்குச்சாம், அப்புறம் மூணு மாசம், கடைசியா போட்டது மூணு வாரம். இப்ப முட்டி மாத்துற ஆபரேஷனுக்கு போனா, கடைசி ஊசி போட்டு மூணு மாசம் ஆகணும், இல்லன்னா சீழ் பிடிக்கிற ஆபத்து அதிகம்னு தள்ளிப் போட்டுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ராத்திரி ஃபோன்ல தேடிப் படிச்சாரு, 2017-ல அமெரிக்காவுல முட்டி தேய்மானம் இருக்குற 140 பேர ரெண்டாப் பிரிச்சு, பாதிப்பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டீராய்டு, பாதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணின்னு ரெண்டு வருஷம் போட்டுப் பாத்திருக்காங்க, கடைசில வலில பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு குருத்தெலும்பு கூடவே தேஞ்சிருக்கு. அதுக்காக இது விஷம்னு இல்ல, இதக் கண்டுபிடிச்சதுக்கு 1950-ல நோபல் பரிசே கொடுத்திருக்காங்க. ஆனா ஆன்ட்டியோட முட்டியும் என் தோளும் ஒரே நோய் இல்ல. தேய்மானம் தேஞ்சுக்கிட்டே போறது. என்னோடது வீக்கம் அடங்குனா, ரொம்ப நாள் எடுத்தாலும், இளகக் கூடியது. அது புரிஞ்சப்புறம்தான் சரின்னேன்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு, மறைக்காம சொல்லிடுறேன். தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்குறேன்னு மகனோட பரீட்சைக்கு வேண்டியிருந்தேன். கையே தலைக்கு மேல போகாம எப்படி குடம் தூக்குறது.

நவம்பர் மொத வாரம் போட்டாங்க. ஒரு சின்ன பாட்டில், உள்ள மோர் மாதிரி வெள்ளையா, நர்ஸ் நல்லா குலுக்கினாங்க, 40 மில்லிகிராம் டெப்போ மெட்ரால் (இதுதான் அந்த ஸ்டீராய்டு மருந்து), கூட மரத்துப் போற மருந்து கலந்தாங்க. தோளுக்குப் பின்னால விரல வச்சு அமுக்கி எலும்பு மூலையத் தேடி, பேனா மூடியால ஒரு அச்சு வச்சு, துடைச்சு, ஊசி. குத்துறது பெருசா வலிக்கல, மருந்து உள்ள போறப்போ தோள் ஃபுல்லா ஊதுற மாதிரி ஒரு அழுத்தம், பத்து செகண்டு இருக்கும். கீழ எறங்கி வர்றப்போ கை லேசாயிருச்சு, கார்ல நானே சீட் பெல்ட்ட இழுத்துப் போட்டேன், எங்க வீட்டுக்காரர் என்னயவே பாத்தாரு. அது கார்டிசோன் இல்ல, மரத்துப் போற மருந்து, ஏமாந்துராதீங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு அது எறங்குச்சு பாருங்க, ஊசி போடுறதுக்கு முன்னாடி இருந்தத விட ரெண்டு மடங்கு வலி. ஒரு துணில ஐஸ சுத்தி வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். சில பேருக்கு ஒண்ணு ரெண்டு நாள் இப்படி இருக்கும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க, அதனால பதறல. காய்ச்சல் வந்தாலோ தோள் செவந்து சூடானாலோ மட்டும் உடனே வரச் சொல்லியிருந்தாங்க, அது வேற, அது கிருமி.

மறுநாள் கன்னம் ரெண்டும் செவந்து அனலடிச்ச மாதிரி ஆயிருச்சு, தூக்கமும் வரல. அப்புறம் சுகர். ஊசிக்கு முன்னாடி வெறும் வயித்துல 7.2 இருந்தது ரெண்டாம் நாள் சாயந்தரம் 16.8. அந்த நேரம் பாத்து அம்மா ஊர்லருந்து வீடியோ கால்.

"எவ்ளோடி காட்டுது?"

"பதினாறு புள்ளி எட்டும்மா."

"பதினாறா? ஐயையோ, சீக்கிரம் சீனிய வாயில போடுடி!"

இங்க மீட்டர் வேற கணக்கு, நம்ம ஊர் கணக்குக்கு 18-ஆல பெருக்கணும். எங்க வீட்டுக்காரர் பின்னாலருந்து "302 அத்தை"ன்னு கத்துனாரு, இப்போ அம்மா அழ ஆரம்பிச்சிருச்சு. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல எனக்கு. டாக்டர் ஒரு நாளைக்கு நாலு தடவ டெஸ்ட் பண்ணுங்க, தண்ணி நெறய குடிங்க, 20-ஐத் தாண்டுனாலோ வாந்தி வந்தாலோ ஃபோன் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தாரு, மாத்திரைய நானா கூட்டிக்கல. அஞ்சாம் நாள் 11, ஒரு வாரத்துல பழைய எடத்துக்கு வந்துருச்சு. அந்த வாரம் முழுக்க வடை சுட்டது எல்லாம் அடுத்தவங்களுக்குத்தான், நான் வெந்தயத் தண்ணியும் கீரையும்.

இன்னொண்ணு, பொம்பளைங்க யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். நாலு மாசமா நின்னிருந்த பீரியட்ஸ் ஊசி போட்ட பத்தாம் நாள் வந்துச்சு. பயந்துபோயி கேட்டா, இந்த ஊசிக்கு அப்படியும் நடக்கும், ஆனா நிக்காமப் போனா வேற காரணம் இருக்கான்னு பாக்கணும்னாங்க. மூணு நாள்ல நின்னுருச்சு. ஆன்ட்டி மகனுக்கு முழங்கைல போட்ட எடத்துல ரூபாய் அளவுக்கு தோல் வெளுத்துப் போயி லேசா குழி விழுந்திருக்கு, நம்ம நிறத்துக்கு நல்லாவே தெரியுது. தோள்ல ஆழமா போடுறதால எனக்கு அது வரல.

வலி எப்ப போச்சுன்னா, நாலாம் நாள் ராத்திரி. வலது பக்கம் திரும்பிப் படுத்து தூங்கியிருக்கேன், காலைலதான் தெரிஞ்சுது. ஏழு மாசத்துக்கு அப்புறம்.

ஆனா கை? வலி போயும் கை அதே எடத்துலதான் நின்னுச்சு, இதத்தான் நான் எதிர்பாக்கல. பிசியோகிட்ட அழாத குறையா கேட்டேன், அந்தப் பொண்ணு சொல்லுச்சு, ஊசி வலிய அடக்கித்தான் தரும், அது அடங்கியிருக்குற நாள்லயே இழுத்துப் பழக்கணும், சும்மா இருந்தா காசு வீண். குனிஞ்சு கைய தொங்கவிட்டு கிணத்து வாளி மாதிரி ஆட்டணும், தொடப்பக் குச்சிய ரெண்டு கையாலயும் புடிச்சு பக்கவாட்டுல தள்ளணும், சுவத்துல விரலால எறும்பு ஏறுற மாதிரி ஏறணும். அடுப்படி சுவத்துல பென்சிலால தேதி போட்டு கோடு கிழிச்சேன், மகன் சின்னப்புள்ளையா இருந்தப்போ உயரம் குறிச்ச அதே சுவரு. நவம்பர் 12 கோடு என் மூக்குக்கு நேரா இருக்கு. டிசம்பர் கடைசில நெத்திக்கு மேல. ஒரு நாள் விட்டா மறுநாள் அரை விரக்கடை கீழ எறங்கிரும், பொல்லாதது.

ஜனவரி நடுவுல மறுபடி லேசா வலி எட்டிப் பாத்துச்சு. ரெண்டாவது வேணுமான்னு கேட்டாரு, கை நகந்துக்கிட்டுதானே இருக்கு, இப்போதைக்கு வேணாம்னுட்டேன், அவரும் அதுதான் சரின்னாரு.

பூசத்தன்னிக்கு அந்த வெயில்ல, செருப்பில்லாம, பால்குடம் எடுத்துட்டேன். வலது கை குடத்தோட கழுத்து வரைக்கும் போச்சு, மேல விளிம்பப் புடிக்க முடியல, அதனால இடது கைதான் பாதி பாரத்தத் தாங்குச்சு, ஆன்ட்டி வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் நீட்டுனாங்க.

இப்போ ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, வலது கை மேல் தட்டுல இருக்குற டப்பாவ எடுக்குது. போன வாரத்துலருந்து இடது தோள்ல என்னமோ சுண்டுது, சுகர்காரங்களுக்கு அடுத்த தோள்லயும் வரும்னு அப்பவே சொன்னாங்க. இந்தத் தடவ இடுப்பு ஊசிக்கெல்லாம் போகல, நேரா அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், மீட்டருக்கு ஸ்ட்ரிப் ரெண்டு டப்பா வாங்கி வச்சிட்டேன், அம்மாகிட்ட இன்னும் சொல்லல.